அளவுகோலும் ஆயுளும்

ஆட்டிசத்தை மதிப்பிட உலகெங்கும் மருத்துவர்கள் கையாளும் கருவிகளில் ஒன்று 'குழந்தைப்பருவ ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல்'. சுருக்கமாகக் கார்ஸ். அதில் 15 தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். குழந்தை மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறது, பார்த்ததைத் திருப்பிச் செய்கிறதா, பொருளை எப்படிக் கையாள்கிறது, பழக்கம் மாறினால் என்ன செய்கிறது என்று கவனித்துக் கூட்டினால் 15க்கும் 60க்கும் இடையே ஓர் எண் வரும். அமெரிக்காவின் வட கரோலினாவில் உருவான அந்தக் கருவியின் எல்லைக்கோடு 30. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பால் ரசல் குழுவினர் நம் குழந்தைகளிடம் அதைச் சோதித்துப் பார்த்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். இங்கே 33 என்ற கோடுதான் பொருந்தும் என்றது அந்தக் கட்டுரை.

மூன்று மதிப்பெண் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 31 வாங்கிய குழந்தையின் வீட்டுக்கு அந்த மூன்றுதான் எல்லாம். கோடு 30இல் இருந்தால் ஆட்டிசம் என்று எழுதுவார்கள். 33இல் இருந்தால் வேறு காரணங்களைத் தேடுவார்கள். ஓர் ஊரில் செய்த அளவுகோல் இன்னோர் ஊருக்கு வரும்போது, அந்த ஊரின் வளர்ப்பு முறையும் பேச்சும் பெற்றோரின் எதிர்பார்ப்பும் அதற்குள் நுழைந்துவிடுகின்றன. ஐந்து வயதுவரை தாய் ஊட்டிவிடுவது எங்கள் வீடுகளில் அன்பு. தானே சாப்பிடத் தெரியுமா என்று கேட்கும் படிவத்தில் அது ஒரு குறையாகப் பதிவாகும்.

33 என்ற கோடும் முழுமையானதல்ல. அந்த ஆய்வில், ஆட்டிசம் உள்ள பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ எட்டுப் பேரை அது சரியாகப் பிடித்தது; ஆட்டிசம் இல்லாத பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேரை 'இல்லை' என்று சரியாக விலக்கியது. நல்ல கருவிதான். இதே திறனுள்ள ஒரு கருவியை ஊரில் உள்ள ஆயிரம் குழந்தைகளிடமும் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூற்றில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று கொண்டால் ஆயிரத்தில் பத்துப் பேர். அவர்களில் எட்டுப் பேரைக் கருவி கண்டுபிடிக்கும். மீதி 990 பேரில், பத்துக்கு இரண்டு வீதம், 198 குழந்தைகளையும் சேர்த்துக் காட்டும். மொத்தம் 206 வீடுகளில் கலக்கம். உண்மையில் காரணம் உள்ளது எட்டு வீடுகளில். கைப்பேசியில் இருபது கேள்விக்குப் பதில் சொல்லி "எம் புள்ளைக்கு ஆட்டிசமாம்" என்று அழுகிற தாய்மாரை நினைத்தே இந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன். அந்தக் கேள்விகள் கதவைத் தட்டுவதற்கு மட்டுமே. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பயிற்சி பெற்ற மனிதர்கள் வேண்டும்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் பகுதியிலிருந்து அந்தக் கதவைத் தட்ட வருபவர்கள் பெரும்பாலும் வேலூருக்கே வருகிறார்கள். ஆம்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். சி.எம்.சி.யில் வளர்ச்சிக் குழந்தை மருத்துவத் துறை இருக்கிறது. பாகாயத்தில் உள்ள மனநல மையத்தில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான பிரிவு, 'நம்பிக்கை நிலையம்' என்ற பெயரோடு, தனியாக இயங்குகிறது. வரும் புகார்கள் எளிய சொற்களில் இருக்கும். "கூப்பிட்டா திரும்ப மாட்றான்." "ரெண்டு வயசு வரைக்கும் பேசினான், அப்புறம் நின்னுபோச்சு." "ஸ்கூல்ல ஒரு எடத்துல உக்கார மாட்றானாம், வேற ஸ்கூல் பாருங்கன்னு சொல்லிட்டாங்க." "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாராம், பாட்டி சொல்றாங்க."

இந்தப் புகார்கள் ஒவ்வொன்றும் பல இடங்களுக்கு இட்டுச் செல்லக்கூடியவை. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்காமலும் இருக்கலாம். எனவே முதல் வேலை செவித்திறன் சோதனை. மூளைத்தண்டு ஒலிக்கு எப்படித் துலங்குகிறது என்பதைக் குழந்தை தூங்கும்போதே பதிவுசெய்ய முடியும். பேசிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான் என்றால் வலிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு மூளை வளர்ச்சியையே மந்தப்படுத்தும். பிறந்தவுடன் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தால் தடுத்துவிடலாம். ஓரிடத்தில் உட்காராதவனுக்குக் கவனக்குறைவும் மிகையியக்கமும் இருக்கலாம், எழுத்துக்கூட்ட முடியாத கற்றல் குறைபாடு இருக்கலாம், அறிவுத்திறன் வளர்ச்சியே தாமதமாக இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும். ஆட்டிசத்தோடு அறிவுசார் குறைபாடும் வலிப்பும் சேர்வது அரிதல்ல. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கவனக்குறைவும் மிகையியக்கமும், கற்றல் குறைபாடு ஆகியவற்றை நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் என்று 2013இல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு ஒரே குடையின் கீழ் கொண்டுவந்ததற்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம்.

ஆகவே நல்ல மதிப்பீடு பல கைகள் சேர்ந்து செய்வது. மருத்துவர் கருவுற்ற காலத்திலிருந்து கதை கேட்பார்: பிரசவத்தில் குழந்தை உடனே அழுததா, எப்போது முகம் பார்த்துச் சிரித்தது, எப்போது விரல் நீட்டிக் காட்டியது. உளவியலாளர் பினே-காமத் போன்ற அறிவுத்திறன் சோதனைகளைச் செய்வார். வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலைக் கொண்டு அன்றாடத் திறன்களைக் கேட்பார். பேச்சுப் பயிற்சியாளர், செயல்வழி மருத்துவர், சிறப்பாசிரியர் தனித்தனியே பார்ப்பார்கள். இவற்றைவிட முக்கியமானது, கருவி எதுவும் இல்லாமல் குழந்தை விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் என்று நான் நம்புகிறேன். பொம்மைக் காரின் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும் குழந்தை, தனக்குப் பிடித்ததை அம்மாவிடம் காட்டத் திரும்புகிறதா? அந்த ஒரு திரும்பல் பல பக்கப் படிவத்தைவிட அதிகம் சொல்லும்.

இந்தப் பகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஏராளமான வீடுகளில் உருது பேசுகிறார்கள். தெருவில் தமிழ், சில வீடுகளில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம். மூன்று வயதுப் பெண் குழந்தை தண்ணீருக்கு 'பானி' என்கிறாள், பாட்டியிடம் கற்றது. சோற்றுக்குத் தமிழ்ச் சொல், பக்கத்து வீட்டில் கற்றது. தமிழில் மட்டும் சோதித்தால் அவள் சொற்களில் பாதி கணக்கில் வராது. எல்லா மொழிகளிலும் அவளுக்குத் தெரிந்ததைச் சேர்த்து எண்ணுவதே சரியான முறை. பேச்சு தாமதமான குழந்தையின் வீட்டில் "ஒரே மொழியில பேசுங்க, இங்கிலீஷ்ல பேசினா நல்லது" என்று அக்கறையோடு சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் டவுன் நோய்த்தொகுதி உள்ள குழந்தைகளிடமும் செய்த ஆய்வுகள், இரண்டு மொழி கேட்டு வளர்வதால் அவர்களின் பேச்சு கூடுதலாகப் பின்தங்குவதில்லை என்றே காட்டியிருக்கின்றன. அந்த அறிவுரையால் வேறொரு தீங்கு நேர்கிறது. ஆங்கிலம் சரளமாக வராத தாய், பேச்சு அதிகம் தேவைப்படும் தன் குழந்தையிடம் பேச்சைக் குறைத்துக்கொள்கிறாள். தாலாட்டும் கொஞ்சலும் எந்த மொழியில் தானாக வருகிறதோ அதிலேயே பேசுங்கள் என்று மதிப்பீட்டு அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

"இந்தத் தண்ணியாலதான் இப்படி ஆச்சா?" பாலாற்றங்கரையில் வாழ்கிறவர்கள் கேட்காமல் விடாத கேள்வி இது. கேட்க அவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை உச்ச நீதிமன்றமே 1996இல், வேலூர் மக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், விரிவாகப் பதிவு செய்தது. மாசுபடுத்துகிறவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச் சென்ற ஆறிணைதிறக் குரோமியக் கழிவு புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஆனாலும் தோல் கழிவால் ஆட்டிசம் வருகிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஐந்து நாடுகளில் 20 லட்சம் பேரின் பதிவேடுகளை அலசி 2019இல் வெளிவந்த ஆய்வு, ஆட்டிசத்தில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மரபுக் காரணிகளுக்கே தந்தது. தன் ஊர்த் தண்ணீரைக் குடித்ததற்காக ஒரு தாய் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

அதேநேரம் சுற்றுச்சூழலுக்கும் மூளைக்கும் தொடர்பில்லை என்றும் சொல்ல முடியாது. குற்றவாளி வேறு உலோகம். வேலூர் நகரின் நெருக்கடியான குடியிருப்புகளில் 2010ஆம் ஆண்டு தொடங்கி 251 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த மால்-எட் ஆய்வில், குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவையும் பார்த்தார்கள். கவலைப்படும் அளவுக்கு ஈயம் பல குழந்தைகளிடம் இருந்தது. அது அதிகமாக இருந்தவர்கள் பின்னர் அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கினார்கள் என்று பீனா கோஷியும் உடன் ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். ஈயம் உடலுக்குள் சுண்ணாம்புச் சத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது; நரம்பு முனைகளின் வேலையைக் குலைக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தையின் குடல் அதை இன்னும் அதிகமாக உறிஞ்சும். இரத்தசோகை மலிந்த நம் ஊர்களில் இதன் பொருள் எளிது. இரும்புச்சத்து மருந்து, ஈயம் கலந்த பெயின்ட்டையும் பழைய பேட்டரி உருக்கும் இடங்களையும் அகற்றுவது, கலப்படமில்லாத மஞ்சள்தூள்: இவை தடுக்கக்கூடிய இழப்பைத் தடுக்கும்.

மதிப்பீடு முடிந்து ஒரு பெயர் கிடைத்தாயிற்று. "சரியாயிடுமா டாக்டர்?" என்பதுதான் அடுத்த கேள்வி. வேலூரின் உண்மையான பங்களிப்பு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். அதன் வேர் 1950களில் இருக்கிறது. மனநோயாளிகளைச் சுவருக்குள் அடைத்து உறவினரை வெளியே நிறுத்துவதே உலக வழக்கமாக இருந்த காலம் அது. கனடாவிலிருந்து வந்த மனநல மருத்துவர் ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் வேலூரில் தொடங்கிய சேவையில், நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கினார்கள். சமைத்தார்கள், கவனித்தார்கள், கற்றுக்கொண்டார்கள். 1957இல் பாகாயத்தில் மனநல மையம் எழுந்தபோதும் அந்த முறை தொடர்ந்தது. செவிலியர் பற்றாக்குறையும் அதற்கு ஒரு காரணம். ஆனால் கிடைத்த பலன் அந்தக் காரணத்தைத் தாண்டியது: வீட்டுக்குத் திரும்பிய பிறகு என்ன செய்வது என்று குடும்பத்துக்குத் தெரிந்திருந்தது.

இந்த முறை வெறும் நல்லெண்ணமா, உண்மையில் வேலை செய்கிறதா என்று அளந்து பார்த்தவர்களும் வேலூர்க்காரர்களே. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் பத்து வாரம் விரிவுரை கேட்டார்கள். மற்றப் பிரிவினர் அதே பத்து வாரம் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் அனுபவத்தைச் சொல்லி, ஒருவரையொருவர் கேட்டு, சேர்ந்து வழி தேடினார்கள். குழந்தை வளர்ப்பு பற்றிய பார்வையும் குறைபாடு பற்றிய அறிவும் அதைக் கையாளும் மனப்பாங்கும் இரண்டாம் பிரிவில் தெளிவாக மேம்பட்டிருந்தன. 1999இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இது. பெற்றோருக்கு வேண்டியது தகவல் மட்டுமல்ல, தன்னைப் போன்ற இன்னொரு பெற்றோர் என்பதை எண்ணிக்கையில் காட்டியதால் இந்தச் சிறிய ஆய்வை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆனால் குடும்பம் என்று சொல்லும்போது அது யார் என்று கேட்க வேண்டும். ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் அப்பர் (ஷூவின் மேற்பகுதி) தைப்பவர்களும் மடிப்பு வேலை செய்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் வரும், மாலையில்தான் திரும்பும். பிள்ளைக்குப் பயிற்சி வாரம் மூன்று நாள் என்றால் வேலையை விடுவது அம்மாதான். சம்பளம் நின்ற பிறகு பஸ் செலவுக்கே கணக்குப் பார்க்க வேண்டும், ஆறு மாதத்தில் பயிற்சியும் நின்றுவிடும். இந்தச் சுழலை உடைக்கச் சட்டத்திலேயே சில பிடிகள் இருக்கின்றன. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்பது 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன் சட்டம் கொண்டுவந்த விதி. ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை செய்யும் ஊரில், நாள் முழுதும் பல குழந்தைகளை அருகருகே பார்க்கும் காப்பக ஆயாவைவிட முன்னதாக யாரும் வித்தியாசத்தைக் கவனிக்க முடியாது. அவருக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, வேலூரிலிருந்து பயிற்சியாளர் மாதமிருமுறை கம்பெனிக்கே வந்தால், எத்தனையோ தாய்மார் வேலையை விட வேண்டியிருக்காது. இ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீடும் இவர்களுக்கு ஒன்று தருகிறது. உடல் அல்லது மனக் குறையால் தொழிலாளியை முழுவதுமாகச் சார்ந்திருக்கும் பிள்ளை, அந்தக் குறை நீடிக்கும்வரை, குடும்பத்தின் பகுதியாகவே கருதப்பட வேண்டும். அதற்கு வயது வரம்பு கிடையாது. சம்பளத்தில் பிடித்தம் கட்டுகிற எத்தனை பேருக்கு இது சொல்லப்பட்டிருக்கிறது?

வயது வரம்பு பற்றிப் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் ஏற்பாடுகள் பெரும்பாலும் 18 வயதில் முடிகின்றன. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டமும் அதன் மாவட்ட மையங்களும் 18 வயதுவரை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தரும் இலவசக் கல்வி உரிமை 6 முதல் 18 வயதுவரை. மூளையின் அமைப்பு 18 வயதில் மாறிவிடுவதில்லை. மாறுவது தேவைதான். மூன்று வயதில் பேச்சு வருமா என்று அளந்தோம். ஏழில் எந்தப் பள்ளி என்று அளக்க வேண்டும். பதின்மூன்றில் மாதவிடாயையும் உடல் எல்லையையும் எப்படிக் கற்றுக்கொடுப்பது, புதிதாக வலிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டிசத்தில் வலிப்பு வளரிளம் பருவத்தில் முதன்முதலாக வருவதுண்டு. இருபதில் என்ன வேலை, எவ்வளவு துணையோடு? டவுன் நோய்த்தொகுதி உள்ளவருக்கு நாற்பதில் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. அவர்களிடம் கூடுதலாக இருக்கும் 21ஆம் குரோமோசோமில்தான் அமிலாய்டு புரதத்துக்கான மரபணு இருக்கிறது. அதனால் அல்சைமர் நோய் அவர்களுக்குப் பல பத்தாண்டுகள் முன்னதாகவே வரும். நாற்பது வயதுக்காரர் திடீரென்று பாத்திரம் வைக்கும் இடத்தை மறந்தால் "அவன் எப்பவும் அப்படித்தான்" என்று விட்டுவிடாமலிருக்க, முப்பதில் அவருக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்ற பதிவு வேண்டும்.

மாறாக, நடைமுறையில் ஒரு குடும்பம் கையில் வைத்திருப்பது ஒரே ஓர் எண். ஆட்டிசத்துக்கு அரசு ஏற்கும் இந்திய அளவுகோலில் 40 கேள்விகள் உண்டு. அதன் மதிப்பெண்ணிலிருந்து ஊன விழுக்காட்டைக் கணக்கிடுவார்கள். 40 விழுக்காட்டை எட்டினால் உதவித்தொகைக்கும் சலுகைகளுக்கும் வழி திறக்கும். அந்த எண் அவசியம்தான், அதற்காக அலைவதும் நியாயம்தான். ஆனால் யார் கூப்பிட்டால் அவன் வருவான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான், கோபம் வருமுன் என்ன செய்வான் என்பதெல்லாம் அம்மாவின் தலைக்குள் மட்டும் இருக்கின்றன. அவர் இல்லாத நாளில் அவை யாருக்கும் கிடைக்காது.

ஒருவரை அறிந்தவர்கள் சுற்றி இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்துக்கு அந்தப் பெயரை நிலைக்கச் செய்தது. 1971இல் அவர்கள் என்னவானார்கள் என்று அவரே தேடிப் போனார். அரசு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள், குழந்தைப் பருவத்தில் இருந்த திறனையும் இழந்து, அங்கேயே முடங்கிப் போயிருந்தார்கள். முதல் குழந்தையான டொனால்டின் கதை வேறு. பெற்றோர் அவனைச் சில ஆண்டுகள் ஒரு விவசாயத் தம்பதியிடம் விட்டிருந்தார்கள். எண்களில் மூழ்கிக் கிடந்தவனை அவர்கள் தடுக்கவில்லை; உழும்போது மக்காச்சோள வரிசைகளை எண்ணச் சொன்னார்கள், கிணற்றின் ஆழத்தை அளக்கச் சொன்னார்கள். பிறகு கல்லூரி படித்தார், சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக ஊர் சுற்றினார். 2023இல், 89 வயதில் இறந்தார். வசதியான குடும்பம், சந்தேகமில்லை. இருந்தும் ஆட்டிசத்துக்கென்று அவருக்கு மருந்தோ அரிய சிகிச்சையோ கிடைத்துவிடவில்லை. அவரை அறிந்த சிறிய ஊர் ஒன்று கிடைத்தது.

ஆம்பூரும் ஒருவரையொருவர் அறிந்த ஊர்தான். ஷூ கம்பெனியில் ஒரு ஜோடி முடியும்வரை வேலை பல சிறு கூறுகளாகப் பிரிந்து கிடக்கிறது: நூல் நறுக்குவது, துடைப்பது, கயிறு கோப்பது, ஜோடி சேர்ப்பது, பெட்டியில் அடுக்குவது. பசை வாடையும் இயந்திரச் சத்தமும் சிலருக்குத் தாங்காது, சிலருக்குத் தாங்கும். ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை பிடிக்கும் என்று நினைப்பதும் தவறு. அவரவரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதற்காகத்தான் இருபது வயதில் ஒரு மதிப்பீடு. பணியாளர்களில் குறைந்தது ஐந்து விழுக்காடு மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி செய்யும் தனியார் நிறுவனங்களுக்கு ஊக்கம் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுகளுக்குச் சொல்கிறது.

"எங்க காலத்துக்கு அப்புறம்?" என்று பெற்றோர் தாழ்ந்த குரலில் கேட்பதற்கு, முதற்படியாகச் சட்டத்தில் ஒரு பதில் உண்டு. பிள்ளைக்கு 18 ஆனதும் பெற்றோருக்குக்கூடச் சட்டப்படியான பாதுகாவலர் உரிமை தானாகத் தொடராது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். உறவினர் ஒருவரைக் கேட்கலாம். எதற்குப் பாதுகாவலர் தேவை, எதைப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளலாம் என்று குழு பார்க்கும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்கள் இதற்குப் போக வேண்டியது திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு. மதிப்பீட்டு அறிக்கையின் நகல்கள், ஊனச் சான்று, அடையாள அட்டை ஆகியவற்றோடு, அம்மாவின் தலைக்குள் இருப்பவற்றை யாராவது உட்கார்ந்து எழுதிய நான்கு பக்கமும் அந்தக் கோப்பில் இருக்கட்டும்.